பச்சோந்திக்குக் கூண்டு வேண்டாம், வேலி போதும்

"நம்ம ஊர் பச்சோந்திதானே, நம்ம வெயிலுக்குப் பழகினதுதானே, மொட்டை மாடியில ஒரு கம்பி வலைக் கூண்டு வச்சு வளர்த்தா என்ன தப்பு?" ஹாஸ்டல் பேச்சுல இந்தக் கேள்வி அடிக்கடி வருது. ரீல்ஸ்ல வெளிநாட்டுக்காரங்க கையில ஏத்தி விளையாடுறதைப் பார்த்த பிறகு இன்னும் அதிகம். கேட்கிறவங்க கெட்ட எண்ணத்துல கேட்கல, ஆசையிலதான் கேட்கிறாங்க. அதனால, கூண்டு ஏன் கூடாதுன்னு நிதானமாவே பேசுவோம்.

முதல்ல சட்டம். இந்தியாவுல இருக்கிறது ஒரே ஒரு பச்சோந்தி இனம்தான். 1972ஆம் வருஷத்து வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டம் அதைப் பாதுகாக்குது. பிடிச்சாலும், வளர்த்தாலும், வித்தாலும் குற்றம். சிறை, அபராதம் ரெண்டும் உண்டு. வெளிநாட்டுப் பச்சோந்தி வாங்கலாம்னா, அதுக்கும் 2024ல வந்த விதிகள்படி பரிவேஷ் தளத்துல பதிவு செய்யணும். இதோட கட்டுரையை முடிச்சிருக்கலாம். ஆனா சட்டத்துக்குப் பயந்து மட்டும் விடுறவன், யாரும் பார்க்காத நேரத்துல பிடிச்சிடுவான். அதனால காரணம் தெரியணும்.

"நம்ம வெயிலுக்குப் பழகினது" அப்படிங்கிற வாதத்துல ஒரு ஓட்டை இருக்கு. பச்சோந்தி பழகினது வெயிலுக்கு இல்லை, மரத்துக்கு. அதோட உடம்புக்குள்ள நம்மள மாதிரி சூட்டைச் சமன்படுத்துற ஏற்பாடு கிடையாது. குளிர்ந்தா வெயிலுக்கு வரணும், சூடானா நிழலுக்குப் போகணும். காலையில உடம்பைக் கருமையாக்கி, பக்கவாட்டைச் சூரியனுக்குக் காட்டிச் சூடேத்திக்கும். உச்சி வேளையில நிறத்தை வெளிறவச்சுக்கிட்டு, கிளைகளுக்கு நடுவுல அடர்த்தியான இடத்துக்குள்ள போயிடும். அதுவும் போதலைன்னா வாயைத் திறந்து வச்சுக்கும். ஒரு வெள்வேலமரத்துல இப்படி இடம் மாற அதுக்கு நூறு வழி இருக்கு. மூணடிக் கூண்டுல எங்க போகும்? சித்திரை மாசம் மத்தியானம் நம்ம மொட்டை மாடியில வெறுங்கால் வைக்க முடியுதா? பக்கத்துல பனியன் கம்பெனியோட தகரக் கூரை இருந்தா அந்த அனலும் சேர்ந்துக்கும்.

அடுத்தது தண்ணி. கிண்ணத்துல தேங்கி நிக்கிற தண்ணியைப் பச்சோந்தி பெரும்பாலும் குடிக்காது. இலையில உருளுற பனித்துளி, மழைத்துளிதான் அதுக்குக் குடிநீர். திருப்பூர், காங்கேயம், தாராபுரம் பக்கமெல்லாம் மேற்குத் தொடர்ச்சி மலையோட மழை மறைவுப் பகுதி. போதாததுக்குப் பாலக்காட்டுக் கணவாய் வழியா வர்ற காத்து ஈரத்தை உறிஞ்சிட்டுப் போகும். கிண்ணம் நிறையத் தண்ணி இருக்க, பக்கத்துலயே தாகத்துல சாகிற ஜீவன் அது. பெத்த புள்ளை மாதிரி பார்த்துக்கிறேன்னு சொல்றவங்க செமஸ்டர் பரீட்சை வாரத்துல தினமும் ரெண்டு வேளை இலையில தண்ணி தெளிப்பாங்களா?

"ஆர்டுயினோவும் ஈரப்பத சென்சாரும் போட்டுத் தானா தெளிக்க வச்சிடலாம் மச்சி"ன்னு நம்ம ஆளுங்க சொல்வாங்க. செய்யலாம்தான். ஏமன், சவுதி மலைப்பகுதிப் பச்சோந்தியைக் கூண்டுலயே பிறந்ததா வாங்கி வளர்க்கிற வெளிநாட்டுக்காரங்க அப்படித்தான் செய்றாங்க. ஆனா வேலியில இருந்து பிடிச்சுட்டு வந்த பச்சோந்திக்குக் கூண்டும் பயம், மனுஷன் கையும் பயம். ரீல்ஸ்ல "கலர் மாறுது பாருங்க"ன்னு காட்டுறாங்களே, அதுல பல நேரம் நாம பார்க்கிறது அந்தப் பயத்தைத்தான். நிறம் மாறுறது பின்னாடி இருக்கிற சுவருக்கு ஏத்த மாதிரி நடக்கிற வித்தை இல்லை. தோல் செல்லுக்குள்ள இருக்கிற நுண்படிகங்களோட இடைவெளி மாறுறதால ஒளி வேற மாதிரி பிரதிபலிக்குதுன்னு 2015ல ஜெனிவா பல்கலைக்கழக ஆய்வாளர்கள் மடகாஸ்கர் பச்சோந்தியை வச்சுக் காட்டினாங்க. அரசியல்வாதியைத் திட்ட இந்தப் பேரை எடுத்தவங்களுக்கு இது தெரியாது, பாவம்.

"கூண்டுல வச்சா பாதுகாப்புதானே, வெளியே விட்டா கல்லெடுத்து அடிக்கிறாங்களே?" இது நியாயமான கேள்வி. ஒடக்கானையும் பச்சோந்தியையும் ஒண்ணாக்கி, ரெண்டுக்கும் விஷம்னு சொல்லி அடிக்கிற வழக்கம் இன்னும் இருக்கு. ரெண்டுக்குமே விஷம் கிடையாது. ஆனா கல்லைவிடப் பெரிய ஆபத்து ஜேசிபி. நம்ம கொரங்காடுகளைச் சுத்தி முள்கிளுவை வேலி இருக்கும், நடுவுல வெள்வேலமரமும் கொழுக்கட்டைப் புல்லும் இருக்கும். காங்கேயம் மாடு மேயறதும் அங்கதான், பச்சோந்தி வாழ்றதும் அங்கதான். அந்த உயிர்வேலி பச்சோந்திக்கு வீடு, நிழல், தண்ணி, வெட்டுக்கிளி, நடைபாதை எல்லாம். சைட் போடணும்னு வேலியைப் பிடுங்கிட்டுக் கல்லுக்கால் நட்டுக் கம்பி கட்டுறோம். அப்புறம் "இப்பல்லாம் பச்சோந்தியே காணோம்"ன்னு சொல்றோம். மரத்துல இருக்க வேண்டியது ரோட்டுல அடிபடுது. முட்டையிட மண்ணுக்கு இறங்குற பெண் பச்சோந்தி முதல்ல அடிபடுது.

அதனால ஆசை இருக்கிறவங்களுக்கு என் யோசனை இது. அந்த சென்சாரைக் கூண்டுக்கு வாங்காதீங்க. ஒண்ணைக் கிளுவை வேலிக்கு உள்ளயும், இன்னொண்ணைக் கம்பி வேலியிலயும், மூணாவதை மொட்டை மாடியிலயும் வைங்க. ஒரு வருஷம் வெப்பமும் ஈரமும் பதிவு பண்ணுங்க. உருப்படியான மினி ப்ராஜெக்ட் ஆகும்; ஊர்க்காரங்ககிட்ட "இந்த வேலியை விட்டுவைங்க"ன்னு பேச ஆதாரமும் கிடைக்கும். ரோட்டைக் கடக்கிற பச்சோந்தியைப் பார்த்தா வண்டியை ஓரங்கட்டுங்க, ஒரு குச்சியில ஏத்தி அது போற திசையிலயே விட்டுடுங்க. அடிபட்டிருந்தா வனத்துறைக்குச் சொல்லுங்க. போட்டோ எடுங்க, ஆனா இடத்தைப் போடாதீங்க.

பனியனுக்கு நூல் வெளியூர்ல இருந்து வரும், ஆர்டர் வெளிநாட்டுல இருந்து வரும். பச்சோந்தி அப்படி வராது. நம்ம வேலி இருக்கிற வரைக்கும்தான் அது இருக்கும்.