காரட் தின்றால் புகை கரையுமா?

சுற்றுலாப் பருவம் வந்துவிட்டால், பேனாவைப் போன்றதொரு கருவியை உறிஞ்சி, மாம்பழ வாசனையுடன் வெண்புகை விடும் இளைஞர்களை ஊட்டி ஏரிக்கரையிலே நாம் காண்கின்றோம். "இது வெறும் நீராவிதான், நாங்கள் தினமும் காரட்டும் நெல்லிக்காயும் தின்கிறோம், ஒன்றும் ஆகாது" என்று நம் வீட்டு அண்ணன்மாரே சொல்லக் கேட்கின்றோம். இதனை நாம் ஒப்புக்கொள்ளலாமா?

அது நீராவி அன்று. கிளிசரின் போன்ற திரவங்கள் சூடேறும்போது பார்மால்டிஹைடு முதலிய நச்சுகள் உண்டாகின்றன. பெரும்பாலானவற்றில் நிக்கோட்டினும் உண்டு. இப்புகை நுரையீரலின் உயிரணுக்களை அரிக்கின்றது. காரட்டில் உள்ள பீட்டா கரோட்டினும், நெல்லிக்காயின் வைட்டமின் 'சி'யும் அவ்வகை அரிப்பை எதிர்ப்பவை என்பது மெய்யே. ஆனால் எதிர்ப்பது வேறு, வெல்வது வேறு அன்றோ?

பின்லாந்து நாட்டில் புகைபிடிக்கும் ஆண்கள் 29,133 பேரை வைத்து ஓர் ஆய்வு நடந்தது. 1994-ல் முடிவு வெளிவந்தபோது மருத்துவ உலகே திகைத்தது. பீட்டா கரோட்டின் மாத்திரை உண்டவர்களுக்கு நுரையீரல் புற்றுநோய் குறையவில்லை. 18 சதவீதம் கூடியிருந்தது! இதற்காகக் கேத்தி காரட்டை யாரும் ஒதுக்க வேண்டாம். குற்றம் காரட்டினுடையதன்று, புகைத்துக்கொண்டே மாத்திரையை நம்பியதுதான்.

இன்னும் கொடியது 2019-ல் அமெரிக்காவில் நடந்தது. மின் சிகரெட் புகைத்தோரில் 2020 பிப்ரவரிக்குள் 2,807 பேர் நுரையீரல் பாதிப்பால் மருத்துவமனை சேர்ந்தனர் அல்லது இறந்தனர்; இறந்தோர் 68 பேர். கஞ்சாச் சத்துத் திரவத்தைக் கெட்டியாக்கக் கலந்த வைட்டமின் 'ஈ' அசிட்டேட்டே முக்கியக் காரணமெனக் கண்டனர். வயிற்றுக்குள் போனால் தீங்கு செய்யாத சத்து, மூச்சில் போனபோது எமனாயிற்று.

உணவைப் பற்றி நம் மலைக்குப் பிறர் பாடம் சொல்ல வேண்டியதில்லை. 1918-ல் குன்னூர் பாஸ்டர் நிலையத்தின் ஓர் அறையில் டாக்டர் மெக்காரிசன் தொடங்கிய ஆய்வுதான், ஹைதராபாத்தில் தேசிய ஊட்டச்சத்து நிறுவனமாக இன்று விளங்குகின்றது. பல மாகாண உணவுகளை எலிகளுக்கு ஊட்டிப் பார்த்தார் அவர். நம் சென்னை மாகாண உணவை உண்ட எலிகளே நோஞ்சானாயின என்பதில் நமக்குச் சிறிது வருத்தந்தான்!

மின் சிகரெட் விற்பதைத் தமிழக அரசு 2018-லும், மத்திய அரசு 2019-லும் தடை செய்துவிட்டன. முதல் குற்றத்திற்கே ஓராண்டுச் சிறையோ, ஒரு லட்சம் ரூபாய் அபராதமோ, இரண்டுமோ கிடைக்கலாம். எனினும் அது மறைவாகக் கைமாறுகின்றது. பென் டிரைவ் போலவும் மார்க்கர் பேனா போலவும் இருப்பதால், தம்பியின் பென்சில் பெட்டியில் கிடந்தாலும் அம்மாவுக்குத் தெரியாது. அடுத்த பெற்றோர் ஆசிரியர் கூட்டத்தில் அதன் படத்தைக் காட்டி விளக்குமாறு தலைமையாசிரியைச் சிஸ்டரிடம் நாம் கேட்கவிருக்கின்றோம்.