நலம் விசாரிப்புக்கு அரைக் கூலியா?

ஏற்கெனவே மொழிபெயர்த்த வரி திரும்ப வந்தால் அதற்குக் கூலி குறைவு. பழைய மொழிபெயர்ப்புகளைச் சேமித்துவைத்துத் திரும்பத் தரும் மொழிபெயர்ப்பு மெமரி புழக்கத்துக்கு வந்ததிலிருந்து நம் தொழிலில் இதுதான் கணக்கு. இயந்திரக் கையேட்டுக்கு அது சரி. வசனத்தில் வரும் ‘ஹவ் ஆர் யூ?’வுக்கும் அதையே போடுவது அநியாயம். ஆங்கிலத்திலிருந்து ஸ்பானிஷுக்குப் போகும் வேலைகளில் இது அப்பட்டமாகத் தெரிகிறது.

ஒரே அத்தியாயத்தில் மருத்துவர் முதிய நோயாளியிடமும், அக்கா தம்பியிடமும் இந்த வரியைச் சொல்கிறார்கள் என்று வையுங்கள். மெமரிக்கு இரண்டும் ஒன்றுதான். ஸ்பானிஷில் மருத்துவர் ‘கோமோ எஸ்தா உஸ்தெத்’ என்பார், அக்கா ‘கோமோ எஸ்தாஸ்’ என்பாள். பிரதி அர்ஜென்டினாவுக்குப் போகிறதென்றால் அக்காவுக்கு ‘கோமோ அந்தாஸ்’ இன்னும் இயல்பு. நீ, நீங்கள் என்று பேசி வளர்ந்த நமக்கு இதெல்லாம் புதிதா என்று தோன்றும். கொலம்பியாவின் பொகோட்டா அந்தத் தெம்பின் காலை வாரிவிடும். அங்கே நெருங்கிய நண்பர்களும், சில வீடுகளில் கணவன் மனைவியும்கூட, ‘உஸ்தெத்’ போட்டே பேசிக்கொள்வார்கள். அதில் விலகல் எதுவும் கிடையாது.

கைதேர்ந்தவர்கள் இந்த இக்கட்டில் ‘கே தல்’ பக்கம் ஒதுங்குவார்கள். அதில் வினைச்சொல்லே இல்லாததால் நீயா நீங்களா என்ற பேச்சே எழாது. சப்டைட்டிலில் இடமும் மிச்சம்: முன்னும் பின்னும் போடும் கேள்விக்குறிகளையும் இடைவெளியையும் சேர்த்தால் 9 எழுத்து, ‘கோமோ எஸ்தா உஸ்தெத்’ 17. ‘நைஸ் டு மீட் யூ’வும் இப்படித்தான். ஆண் சொன்னால் ‘என்கந்தாதோ’, பெண் சொன்னால் ‘என்கந்தாதா’. யார் பேசுகிறார் என்றே தெரியாமல் எக்செல் கோப்பில் வரி மட்டும் வந்து விழும்போது ‘முச்சோ குஸ்தோ’ மானத்தைக் காப்பாற்றும். கெட்டிக்காரத்தனம்தான், மறுக்கவில்லை. ஆனால் படம் முழுக்க இதையே செய்தால் மாமனாரும் மருமகனும் முதலாளியும் ஒரே குரலில் பேசத் தொடங்கிவிடுவார்கள்.

நேரம் தெரியாவிட்டாலும் வம்புதான். மாட்ரிட்டில் மதியச் சாப்பாடு 2 மணிக்கு மேல். சாப்பிடும்வரை பலருக்குக் காலை வணக்கமான ‘புவெனோஸ் தியாஸ்’தான், கடிகாரம் 1 மணி தாண்டியிருந்தாலும். ஜூன் கடைசியில் அங்கே இரவு 9 மணிக்கும் வெளிச்சம் இருக்கும். அந்தக் காட்சியில் 8 மணி ‘குட் ஈவினிங்’ ‘புவெனாஸ் தார்தெஸ்’ ஆகும், டிசம்பரில் ‘புவெனாஸ் நோச்செஸ்’ ஆகும். ஜன்னலைப் பார்க்காமல் எழுத முடியாத வரி இது.

அடுத்த ஒப்பந்தத்தில் கையெழுத்துப் போடும் முன்பே, முகமன் வரிகளை மெமரித் தள்ளுபடியிலிருந்து நீக்கச் சொல்லுங்கள். படம் தர முடியாது என்பவர்கள், பேசுபவர், கேட்பவர், ஊர், நேரம் ஆகியவற்றையாவது கோப்பில் சேர்த்து அனுப்பட்டும். அதற்கும் மனமில்லை என்றால் முழுக் கூலிக்கு மேல் ஒரு தொகை சொல்வதில் தயக்கம் வேண்டாம்.