ஜன்னலால் எடுத்த படம்



கடந்த கிழமை முழுக்க நம்மூர் வட்ஸ்அப் குழுமங்களில் ஒரே கதை. பிள்ளைகள் கணினி அறையில் உளவு பார்க்கப் பழகுகிறார்களாம், ஆசிரியர்களும் துணையாம். ஆதாரம், ஜன்னலால் எடுத்த ஒரு படம். அந்த ஆசிரியர்கள் நாங்கள்தான்.

விளையாட்டின் பெயர் ஸ்பைகிராஃப்ட். 1996இல் அக்டிவிஷன் வெளியிட்ட பழைய சாமான். ரஷ்ய ஜனாதிபதி வேட்பாளர் ஒருவர் சுட்டுக் கொல்லப்படுகிறார். சி.ஐ.ஏ.வில் புதிதாகச் சேர்ந்தவராக இருந்து நாம் துப்புத் துலக்க வேண்டும். குண்டு எங்கிருந்து வந்தது என்று கணிக்க வேண்டும், நிறைய ஆங்கிலம் வாசிக்க வேண்டும். உயர்தரப் பிள்ளைகள் அகராதியும் கையுமாக இருந்தார்கள். இரவிரவாக ப்ரீ ஃபயர் ஆடும்போது எந்த வாப்பாவும் குழுமத்தில் எழுதவில்லை!

ஆட்சேபிக்க உண்மையான விஷயம் ஒன்று இருக்கிறது. அதை யாரும் கேட்கவில்லை. விளையாட்டுக்கு ஆலோசனை சொன்னவர்கள் சி.ஐ.ஏ.யின் முன்னாள் பணிப்பாளர் வில்லியம் கோல்பியும் கே.ஜி.பி.யின் முன்னாள் ஜெனரல் ஒலெக் கலூகினும். இருவருமே அதில் தோன்றுகிறார்கள். கோல்பி, வியட்நாமில் பீனிக்ஸ் திட்டத்தை மேற்பார்வை செய்தவர். காட்டிக்கொடுத்த பெயர்களைப் பட்டியலிட்டு ஆயிரக்கணக்கானோரைப் பிடித்ததும் கொன்றதும் அந்தத் திட்டம். இதைப் பிள்ளைகளுக்குச் சொன்னோம். ஒருவன் கேட்டான்: "அப்ப நம்மட தலையாட்டி மாதிரியா சேர்?"

ஓம் என்றோம். முகத்தை மூடியவன் தலையை அசைத்தால் ஒரு வீட்டில் ஆள் இல்லாமல் போன காலம் நம் உம்மா வாப்பாமாருக்குத் தெரியும்.

"துறைமுகமும் கடற்படையும் பக்கத்தில், 2019க்குப் பிறகு நம்மை எப்படிப் பார்க்கிறார்கள் என்று தெரியாதா?" என்று ஒரு சகோதரர் எழுதியிருந்தார். அந்தப் பயம் எங்களுக்கும் உண்டு. ஆனால் "முஸ்லிம் பிள்ளைகள் உளவு பழகுகிறார்கள்" என்று தலைப்புப் போட்டு ஊர் ஊராக அனுப்பியது யார்? நாங்களா?

சூரத்துல் ஹுஜுராத்தின் 12ஆம் வசனம் அடுத்தவரைத் துருவுவதையும் புறம் பேசுவதையும் சேர்த்தே தடுக்கிறது. ஜும்ஆவில் எத்தனை தடவை கேட்டோம். போன வருடம் பஸ் தரிப்பில் ஒரு மாணவி யாரோடோ நிற்கும் படம் இதேபோல் சுற்றியது. நின்றவன் அவளுடைய சொந்த நானா. பின்னேரமே உண்மை தெரிந்துவிட்டது. பிள்ளை அதற்குப் பிறகு பாடசாலைக்கு வரவில்லை.

வியாழன் பின்னேரம் கணினி அறை திறந்திருக்கும். சந்தேகமுள்ள பெற்றோர் வாருங்கள், பிள்ளைக்குப் பக்கத்தில் கதிரை போட்டுத் தருகிறோம். அந்தப் படத்தில் மூன்று பிள்ளைகளின் முகம் தெளிவாகத் தெரிகிறது. போனில் வைத்திருப்பவர்கள் இன்றிரவே அழித்துவிடுங்கள்.