ஏணி வைத்துப் பாருங்கள்!

ஜவ்வாது மலையில் காவலூர் தொலைநோக்கியைப் பார்த்துவிட்டு இறங்கும்போது, வண்டியில் என் சிநேகிதி ஒரு குறை சொன்னாள். அவளுடைய டென்னிஸ் கிளப்பில் பெண்கள் பன்னிரண்டு பேர். நன்றாக ஆடும் நால்வர் தங்களுக்குள்ளேயே ஆடிக்கொள்கிறார்கள். மற்றவர்கள் வேடிக்கை பார்க்கிறார்கள். இரண்டு பேர் வருவதையே நிறுத்திவிட்டார்களாம்.

"ஏணி வைத்துப் பாரேன்!" என்றேன்.

சுலபந்தான், சகோதரிகளே. பலகையில் பன்னிரண்டு பெயர்களையும் வரிசையாக எழுதி மாட்டுங்கள். கீழே இருப்பவள் தனக்கு மேல் இரண்டு படிக்குள் இருப்பவளை ஆட்டத்துக்கு அழைக்கலாம். ஜெயித்தால் இருவரும் இடம் மாறிக்கொள்ள வேண்டும். தோற்றால் இருந்த இடமே. அதே ஆளை மறுபடி அழைக்கப் பதினைந்து நாள் பொறுக்க வேண்டும்.

சண்டை வருவது எங்கே தெரியுமா? உச்சிப் படியில்! அங்கே ஏறியவளுக்குத் திடீரென்று இடுப்பு வலிக்கும். ஊரிலிருந்து நாத்தனார் வருவாள். பத்து நாளுக்குள் ஆடாவிட்டால் படி போயிற்று என்று முதலிலேயே எழுதிவிடுங்கள். நிஜமாகவே நோயாளி என்றால் ஒரு மாதம் விட்டுக்கொடுக்கலாம்.

விம்பிள்டனிலேயே 1921 வரை பழைய சாம்பியன் கடைசி ஆட்டம் மட்டும் ஆடினால் போதும். டேவிஸ் கோப்பையில் அந்தச் சலுகை 1971 வரை நீடித்தது. 1966-ல் நம் ராமநாதன் கிருஷ்ணன் கோஷ்டி மெல்போர்ன் சென்று ஆஸ்திரேலியாவை எதிர்த்தது அப்படித்தான். 4-1 என்று தோற்றோம். அந்த ஒன்று, கிருஷ்ணனும் ஜெய்தீப் முகர்ஜியும் ஜெயித்த இரட்டையர் ஆட்டம்!

சிநேகிதி பலகை மாட்டிவிட்டாள். அந்த நால்வரில் ஒருத்தியான அவள், தன் பெயரைக் கடைசிப் படியில் எழுதியிருக்கிறாளாம்.