சுறாவின் நீண்ட ஆயுள்

ஆயுள் நீண்ட பிராணிக்கு அழிவில்லை என்று எண்ணுவது தவறு. வட அட்லாண்டிக் குளிர்நீரில் வாழும் கிரீன்லாந்துச் சுறாவின் கண்வில்லையை ஆராய்ந்த விஞ்ஞானிகள், அவ்வினம் குறைந்தது 272 ஆண்டுகள் வாழவல்லது என்று 2016-இல் கணக்கிட்டனர். பெண் சுறா இனப்பெருக்கப் பருவம் எய்தவே ஏறத்தாழ 150 ஆண்டுகள் ஆகின்றன. அதற்குள் வலையில் சிக்கினால் அதன் வழியில் ஒரு குட்டியும் எஞ்சாது.

நம் நாட்டுச் சுறாக்கள் அத்துணைக் காலம் வாழ்வதில்லை. ஆயினும் நியதி ஒன்றே. உல்லம் மீன் லட்சக்கணக்கில் முட்டையிடுகிறது. பெரும்பாலான சுறாக்களோ சில குட்டிகளையே ஈனும். அவை முதிரவும் பல்லாண்டுகள் செல்லும். கொல்கத்தாவை ஒட்டி ஓடும் ஹூக்ளி ஆற்றிலும் பதிவான கங்கைச் சுறாவுக்கு 1839-இல் முல்லரும் ஹென்லேயும் விஞ்ஞானப் பெயர் சூட்டினர். இன்று அது மிக அரிது. வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தின் முதல் அட்டவணையில் அது இடம்பெற்றுள்ளது. எனினும், எந்தப் பருவத்துச் சுறா எங்கே பிடிபடுகிறது என்று அறியாமல் சட்டம் பயன் தராது.

ஆகவே, மீன் இறங்குதுறைகளில் பணிபுரியும் ஊழியர்கள் எடையோடு நீளத்தையும், ஆணா பெண்ணா என்பதையும், குட்டியா முதிர்ந்ததா என்பதையும் குறித்தல் வேண்டும். ஆசிரியர்கள் சுறாவின் பற்களைப் பற்றிக் கூறுமிடத்து, அதன் மெதுவான வளர்ச்சியையும் மாணவருக்கு விளக்குதல் நலம்.