பாஸ்போர்ட் உள்ள நாற்றம்

முதலிலேயே சொல்லிவிடுகிறேன், உணவில் கலப்பு கூடாது என்று சொல்கிற ஆள் நான் இல்லை. மிளகாய், தக்காளி, உருளைக்கிழங்கு எல்லாமே அமெரிக்கக் கண்டங்களிலிருந்து கப்பலேறி வந்தவை. 1498இல் வாஸ்கோ ட காமா கோழிக்கோட்டுப் பக்கம் கரையிறங்கியபோது இங்கே காரம் என்றால் மிளகும் திப்பிலியும் இஞ்சியும்தான். ஆகவே மிளகாய் போட்ட ஊறுகாயை நக்கிக்கொண்டே 'நம்ம பாரம்பரிய உணவைக் கெடுக்கிறாங்க' என்று புலம்புகிறவர்களோடு எனக்குப் பேச்சே கிடையாது. என் சண்டை வேறு ஆட்களோடு. உலகத்தையே ஒரே தட்டில் கலந்துவிட்டோம் என்று விளம்பரம் செய்துகொண்டு, எதைக் கலக்கக்கூடாது என்பதைச் சத்தமில்லாமல் முடிவுசெய்து வைத்திருக்கிறார்களே, அவர்களோடு.

சென்னையில் அப்படி ஓர் உணவகத்துக்கு நண்பர்களோடு போயிருந்தேன். பெயர் வேண்டாம். ஏனென்றால் விஷயம் அந்த ஒரு கடையைப் பற்றியது அல்ல. ரசம் ராமென், கீமா டாக்கோ, தயிர்சாத அரன்சினி, கறிவேப்பிலை பெஸ்டோ என்று போகிறது மெனு. கோழி, இறால், பன்றி மூன்றும் உண்டு. சாப்பாடு நன்றாகவே இருந்தது, அதை மறைக்க வேண்டியதில்லை. ஊத்தப்பம் ஒன்று வந்தது. அதன்மேல் காகிதம்போல் சீவித் தூவிய ஏதோ ஒன்று சூட்டில் நெளிந்து ஆடியது. பரிமாறிய தம்பி பெருமையாக விளக்கினார். கட்சுவோபுஷி, ஜப்பானில் சூரை மீனை வேகவைத்து, புகைபோட்டு, வாரக்கணக்கில் காயவைத்துச் செய்வது.

எனக்கு உடனே மாசி ஞாபகம் வந்தது. அதுவும் அதே சூரை மீன்தான். அதையும் வேகவைத்து, புகைபோட்டு, கல்லாகும்வரை காயவைக்கிறார்கள். மாலத்தீவிலும் மினிக்காயிலும் காலங்காலமாகச் செய்வது. இலங்கையில் சம்பலுக்கு இடித்துப் போடுவார்கள். தூத்துக்குடிக் கடைகளில் கேட்டால் கிடைக்கும்.

"தம்பி, இதுக்கு மாசியே போடலாமே, பக்கத்துலயே கிடைக்குதே?"

"ஸ்மெல் வரும் சார். கஸ்டமர்ஸ் கம்ப்ளைண்ட் பண்ணுவாங்க."

அந்தத் தம்பிமேல் எனக்கு ஒரு வருத்தமும் இல்லை. அவருக்குச் சொல்லிக்கொடுத்ததைச் சொன்னார். ஆனால் இந்தப் பதிலைக் கொஞ்சம் புரட்டிப் பாருங்கள். இரண்டுமே காய்ந்த சூரைதான். ஒன்றுக்கு அரை நிமிட அறிமுக உரை, இன்னொன்றுக்கு 'ஸ்மெல்'. அதே சமையலறையில் தாய்லாந்து மீன் சாஸ் பாட்டில் இருக்கிறது. நெத்திலி மாதிரியான சின்ன மீன்களை உப்பில் போட்டு மாதக்கணக்கில் புளிக்கவைத்து வடித்த சாறு அது. நெத்திலிக் கருவாடு மட்டும் உள்ளே வரக்கூடாது. அப்படியென்றால் தடை நாற்றத்துக்கு அல்ல. பாஸ்போர்ட் இல்லாத நாற்றத்துக்கு.

கருவாட்டோடு இது நிற்கவில்லை. ஸ்பெயினில் மோர்சியா, கொரியாவில் சுண்டே, இங்கிலாந்தில் பிளாக் புட்டிங் எல்லாம் ரத்தத்தில் செய்கிற உணவுகள். லண்டனில் 1994இல் தொடங்கிய செயின்ட் ஜான் உணவகம் எலும்பு மஜ்ஜையையும் குடலையும் பரிமாறியே உலகப் புகழ் பெற்றது. விலங்கைக் கொன்றால் எதையும் வீணாக்காமல் மூக்கிலிருந்து வால்வரை சாப்பிடுவதே மரியாதை என்பது அவர்கள் கொள்கை. நம்மூரில் போட்டியும் ரத்தப் பொரியலும் சுவரொட்டியும் சாப்பிடுகிறவர்களுக்கு இதை யாரும் தத்துவமாகச் சொல்லிக்கொடுக்க வேண்டியிருக்கவில்லை. உலகத்தின் சமையலறைகள் நிஜமாகவே நம்மோடு கைகுலுக்குகிற இடம் ரத்தமும் குடலும் காய்ந்த மீனும்தான். சரியாக அந்த இடத்தைத்தான் ஃப்யூஷன் உணவகங்கள் துடைத்துவிட்டு, அங்கே பெஸ்டோவில் கறிவேப்பிலை போடுகின்றன.

'இதுல போய் சாதியைக் கொண்டு வர்றீங்களே' என்பீர்கள். அது ஏற்கெனவே அங்கே உட்கார்ந்திருக்கிறது, நான் கொண்டுவரவில்லை. 2014இல் எடுக்கப்பட்ட மாதிரிப் பதிவு அமைப்பின் கணக்கெடுப்புப்படி, தமிழ்நாட்டில் 15 வயதுக்கு மேற்பட்டவர்களில் நூற்றுக்கு 97 பேருக்கு மேல் அசைவம் சாப்பிடுகிறவர்கள். அந்த ஊரில்தான் 'வெஜ் ஒன்லி' என்று எழுதி வீடு வாடகைக்கு விடுகிறார்கள். கருவாடு வறுக்க ஜன்னலைச் சாத்துகிறோம். அசைவம் சாப்பிடுகிற வீடுகளுக்குள்ளும் படிக்கட்டு இருக்கிறது. கோழி மேலே, மாடும் பன்றியும் குடலும் கீழே. எந்தத் தெருக்காரர்கள் எதைச் சாப்பிடுவார்கள் என்று எல்லோருக்கும் தெரியும். நல்ல மணத்துக்குப் பழந்தமிழில் 'நாற்றம்' என்றுதான் பெயர். அந்தச் சொல் மூக்கைப் பொத்தும் சொல்லாக மாறியதுபோலத்தான், யாரோ சிலருடைய மூக்கு ஊருக்கே பொதுமூக்காக மாறியதும்.

இது தமிழ்நாட்டு நோய் மட்டும் இல்லை. 2007இல் டெல்லி காவல்துறை வடகிழக்கு மாணவர்களுக்காக ஒரு கையேடு போட்டது. மூங்கில் குருத்து, அகுனி மாதிரி 'வாசனை வரும்' உணவுகளைச் சமைத்து அக்கம்பக்கத்தில் பிரச்சினை உண்டாக்காதீர்கள் என்று அதில் அறிவுரை. அகுனி என்பது நாகாலாந்தில் சோயாவைப் புளிக்கவைத்துச் செய்வது. சோயாவைப் புளிக்கவைத்துத்தான் ஜப்பானின் மீசோவும் செய்கிறார்கள். அதே டெல்லியில் மீசோ சூப்பை நட்சத்திர ஹோட்டலில் கேட்டு வாங்கிக் குடிக்கலாம்.

உண்மையான கலப்பு எங்கே நடந்தது? 1849 முதல் கூலிகளாகப் பெருவுக்குப் போன சீனர்களிடம் நடந்தது. 1899இல் சகுரா மரு கப்பலில் அங்கே போய் இறங்கிய ஜப்பானியத் தொழிலாளர்களிடம் நடந்தது. போர் முடிந்த கொரியாவில், அமெரிக்க ராணுவ முகாமிலிருந்து வந்த டப்பா இறைச்சியைக் கிம்ச்சியோடு கொதிக்கவைத்தவர்களிடம் நடந்தது. கொல்கத்தாவில் தோல் பதனிட்டுப் பிழைத்த ஹக்கா சீனர்களிடம் நடந்தது. நாம் தெருவுக்குத் தெரு சாப்பிடுகிற இந்தியச் சீன உணவு பெரிதும் அவர்கள் கொடுத்தது. அவர்களுக்கு நாம் என்ன கொடுத்தோம்? 1962 போரின்போது இந்தியச் சீனர்கள் ஆயிரக்கணக்கில் ராஜஸ்தானின் தேவ்லி முகாமில் அடைக்கப்பட்டார்கள். சமையலை வைத்துக்கொண்டோம், சமைத்தவரைச் சிறைவைத்தோம்.

சென்னை பீச் ஸ்டேஷன் எதிரே போய்ப் பாருங்கள். 1960களில் பர்மாவில் எல்லாவற்றையும் இழந்து திரும்பிய தமிழர்கள் கொண்டுவந்த அத்தோ இன்னமும் தள்ளுவண்டியில் விற்கிறது. நூடுல்ஸ், முட்டைக்கோஸ், வறுத்த வெங்காயம், புளிக்கரைசல், கூடவே வாழைத்தண்டு சூப். இரண்டு நாடுகள் ஒரே கிண்ணத்தில் இருக்கின்றன. அதை யாரும் ஃப்யூஷன் என்று சொல்வதில்லை. அகதி செய்தால் பிழைப்பு, ஏசி அறையில் செய்தால் கலை. அப்படித்தானே?

'பிசினஸ் சார், விக்கணுமில்ல?' என்பார்கள். கட்சுவோபுஷி என்ன, வாடிக்கையாளர் வயிற்றில் இருக்கும்போதே கேட்டதா? கதை சொல்லி, தட்டில் அழகாக வைத்து, பழக்கினார்கள். ருசியைப் பழக்க முடியும் என்பதை நிரூபித்தவர்களே அவர்கள்தான். அந்த அரை நிமிடக் கதையை மாசிக்கும் சொல்ல எது தடுக்கிறது? சைவம் சாப்பிடுகிறவர் வாயில் யாரும் எதையும் திணிக்கச் சொல்லவில்லை. அவருக்கு மெனுவில் தனிப் பக்கமே இருக்கிறது.

இன்னொரு ஆபத்தும் எனக்குத் தெரிகிறது. நாளைக்கே கருவாடு 'ஹெரிடேஜ்' ஆகும். எண்ணூறு ரூபாய்க்கு இரண்டு துண்டு வரும், இன்ஸ்டாவில் ரீல்ஸ் வரும். கடற்கரை மணலில் வெயிலில் குனிந்து மீன் காயவைக்கிற அக்காவுக்கு அதில் ஒரு பைசாவும் போகாது. அதுவும் எனக்கு வேண்டாம். ஜப்பானிய மீனுக்கும் இத்தாலியப் பாலாடைக்கட்டிக்கும் ஊர்ப் பெயர் போடுகிற அதே மெனுவில், கருவாட்டுக்கும் ஊர்ப் பெயர் வேண்டும். அதை நியாயமான விலைக்கு அவரிடமே வாங்க வேண்டும். அதுவரை உங்கள் ராமெனை ரசித்துச் சாப்பிடுவேன், பில்லும் கட்டுவேன். ஆனால் தயவுசெய்து அதைப் பண்பாடுகளின் சங்கமம் என்று மட்டும் சொல்லாதீர்கள். சங்கமம் என்றால் எல்லா ஆறும் வந்து சேர வேண்டும்; கூவத்தை மட்டும் அணை கட்டி நிறுத்திவிட்டு அந்தப் பெயரை வைத்துக்கொள்ள முடியாது.