கோளாறு பின் சீட்டில்!

கார் சூடாகிவிட்டதா? உடனே எல்லோரும் முன்பக்கத்து மூடியைத் திறக்கிறார்கள். "ஹைப்ரிட்" காரில் சில சமயம் கோளாறு அங்கே இருக்காது. பின் சீட்டில் இருக்கும்!

ஹைப்ரிட் கார் இரட்டை மாட்டு வண்டி மாதிரி. ஒரு மாடு பெட்ரோல் என்ஜின். மற்றொன்று மின்சார மோட்டார். ஜப்பானில் டொயோட்டா கம்பெனி 1997-ம் ஆண்டு விற்பனைக்குக் கொண்டுவந்த "பிரியஸ்" கார் இந்த வகையில் புகழ் பெற்றது.

இதில் சூட்டைத் தணிக்க மூன்று ஏற்பாடுகள் உண்டு. என்ஜினுக்கு ஒரு திரவம். மின்சாரத்தை மாற்றிக் கொடுக்கும் இன்வெர்ட்டருக்குத் தனியாக ஒரு திரவம். பாட்டரிக்கோ வெறும் காற்றுதான்!

2003-ல் வந்த இரண்டாவது மாதிரி பிரியஸில் பாட்டரி பின் சீட்டுக்குப் பின்னால் இருக்கிறது. சீட்டோரத்தில் உள்ள துவாரம் வழியாக, காருக்குள் இருக்கும் காற்றை ஒரு சிறிய விசிறி இழுத்துக் கொடுக்கிறது. அந்தத் துவாரத்தின்மேல் பை வைக்கிறார்கள். போர்வையைப் போடுகிறார்கள். நாய் ஏறும் வண்டி என்றால் கேட்கவே வேண்டாம். முடியும் தூசியும் விசிறியில் கம்பளி மாதிரி அப்பிக்கொள்கின்றன.

பாட்டரிக்குள் 28 கட்டைகள் வரிசையாக உள்ளன. காற்று குறைந்தால் நடுவில் இருப்பவை அதிகம் வேகும். ஒன்று கெட்டாலும் போதும், சிவப்பு முக்கோண விளக்கு எரியும்.

"பாட்டரி போய்விட்டது, புதிது போடுங்கள்" என்பார் மெக்கானிக். பெரும் பணம் செலவாகும். விசிறியைச் சுத்தம் செய்யாமல் புதுப் பாட்டரியை மாட்டினால் அதுவும் வேகத்தான் செய்யும். இது ரிப்பேர் அல்ல, பண விரயம். விசிறியைக் கழற்றிக் காட்டும்படி கேட்க வண்டிக்காரருக்கு உரிமை உண்டு.

பாட்டரியில் குறை இல்லையென்றால் இன்வெர்ட்டரைப் பார்க்கவேண்டும். அதன் திரவத்தைச் சுற்றவிடும் பம்பு பழுதானதால், 2012-ல் டொயோட்டாவே பல வண்டிகளைத் திரும்ப அழைத்தது. வண்டியை "ஆன்" செய்து, இன்வெர்ட்டர் திரவத் தொட்டிக்குள் எட்டிப் பார்த்தால் தெரியும். திரவம் கலங்கி ஓடினால் பம்பு வேலை செய்கிறது. குட்டை மாதிரி அசையாமல் நின்றால் பம்பைச் சந்தேகிக்கலாம்.

அப்போது கையையும் துணியையும் விலக்கி வைத்துக்கொள்ளவேண்டும். ஓசையின்றி நிற்கும் என்ஜின் திடீரென்று தானாகவே ஓடத் தொடங்கும். சூடான ரேடியேட்டர் மூடியைத் திறந்தால் முகம் வெந்துவிடும். ஆரஞ்சு நிற வயரைத் தொடவே கூடாது. அதில் 200 வோல்ட்டுக்கு மேல் மின்சாரம் பாய்கிறது.

அந்த வேலைகளெல்லாம் மெக்கானிக்குக்கு. சீட்டோரத்துத் துவாரத்தில் உள்ள தூசியைத் துடைப்பது வீட்டில் உள்ளவர்களுக்கு.